மூன்றே கால் லிட்டர் மூச்சு

நீச்சல் குளத்தில் அவளுக்கு விசில் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் வெளியே எடுப்பதில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கரையில் நின்று பிள்ளைகளை விரட்டி விரட்டி நீந்த வைக்கிறவள். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை ஊதி யாரும் பார்த்ததில்லை. அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு விசில் எதற்கு?

அவளுக்கு ஒரே தம்பி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டயர் கடை வைத்திருப்பவன். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சத்தியம் செய்தாலும் நம்புவது கஷ்டம். இவள் வடக்கு என்றால் அவன் தெற்கு என்பான். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்ற விஷயத்தில் ஒருமுறை ஆறு நாள் பேசாமல் இருந்தார்கள். ஏழாம் நாள் பேசத் தொடங்கியதும், யார் முதலில் பேசியது என்று அடுத்த சண்டை.

அந்தத் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்துக்கு அடங்குவது போல அடங்கி, மறுபடியும் தலைதூக்கியது. இனி வேறொருவரின் ஸ்டெம் செல்லை, அதாவது ரத்தம் முளைக்கிற விதையை, ஏற்றினால்தான் பிழைப்பான் என்றார்கள். அக்காவைச் சோதித்தார்கள். பத்து இடங்களில் ஒத்துப்போக வேண்டுமாம். பத்தும் ஒத்துப்போனது.

"பத்துக்குப் பத்து," என்றார் டாக்டர்.

"வேற யாருடையதோ மாத்திப் பார்த்துட்டீங்க. நல்லாப் பாருங்க," என்றான் தம்பி.

ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டாள். எலும்பெல்லாம் குடைந்தது. ஆறாம் நாள் ஐந்து மணி நேரம் மெஷினுக்குப் பக்கத்தில் அசையாமல் படுத்திருந்தாள். அவள் வாழ்நாளில் அசையாமல் இருந்தது அந்த ஐந்து மணி நேரம்தான். கடைசியில் கையடக்கமாக ஒரு பை நிறைந்தது. "இனிமே உன் ரத்தம் என்னோடது. ரொம்ப வாலாட்டினே, திருப்பிக் கேட்பேன்," என்று அவன் இருந்த தனி அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவனை மிரட்டினாள்.

அதற்குப் பிறகுதான் வந்தது வினை. பழைய ரத்த அணுக்களை மருந்து மொத்தமாகத் துடைத்துவிட்டது, புதியவை இன்னும் முளைக்கவில்லை. பழைய காவலாளியை அனுப்பிவிட்டுப் புதியவனுக்காகக் காத்திருக்கும் வீடு போலத் திறந்து கிடந்தது அவன் உடம்பு. ஒன்பதாம் நாள் காய்ச்சல் கொளுத்தியது. ரத்தத்தை எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள்.

"ரத்தத்துல பூஞ்சை வந்திருக்கு. ஈஸ்ட் வகை," என்றார் டாக்டர்.

"பூஞ்சையா? நான் என்ன டாக்டர், ஈர ரொட்டியா?" என்று கேட்டுவிட்டுத் தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அதன் பிறகு மூன்று நாள் அவன் எதுவும் பேசவில்லை.

மார்பில் செருகியிருந்த குழாய் வழியாக வந்திருக்கலாம், குடலிலிருந்து ஏறியிருக்கலாம் என்றார்கள். குழாயைப் பிடுங்கினார்கள், வேறு இடத்தில் வேறு குழாய் போட்டார்கள், பூஞ்சை மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். பூஞ்சை கண்ணுக்குப் போய்விட்டதா என்று பார்க்கக் கண் டாக்டர் தனியாக வந்தார். விசில் குளத்துக்கு லீவு போட்டுவிட்டு அந்தக் கண்ணாடிக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவன் செத்துவிடுவான் என்றுதான் நினைத்தாள். இன்னும் ஒரு சண்டையாவது போட வேண்டும் என்று ஏங்கினாள். பதினாறாம் நாள் அவள் கொடுத்த அணுக்கள் முளைத்து எண்ணிக்கை காட்டின. பதினெட்டாம் நாள், "நாற்காலியைத் தேய்ச்சது போதும், வேலைக்குப் போ," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவனைத் திட்டினாள்.

வீட்டுக்கு வந்தான். மாதங்கள் ஓடின. முடி முளைத்தது, கன்னத்தில் சதை போட்டது. அவன் ரத்தப் பிரிவுகூட மாறி அக்காவுடைய பிரிவாகிவிட்டது. "இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் கோவம் கோவமா வருது. எங்கிருந்து வந்த ரத்தம்னு தெரியுது," என்பான்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஒரு ஊதும் மெஷின் கொடுத்திருந்தார்கள். உள்ளங்கை அளவு. நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, ஒரே வேகத்தில் ஊத வேண்டும். முதல் ஒரு நொடியில் எத்தனை லிட்டர் காற்று வெளியே வந்தது என்று எண் காட்டும். சனிக்கிழமை தோறும் ஊத வேண்டும். தம்பி மனைவிதான் அதன் விவரத்தை விசிலிடம் சொன்னாள்.

"இந்த நம்பர் இறங்கினா நுரையீரல் கெட்டுப்போகுதுன்னு அர்த்தமாம் அண்ணி. இருமல்கூட வராதாம், ஒண்ணும் தெரியாதாம். ஆனா இறங்கினது இறங்கினதுதான். திரும்ப ஏறாது. ஆரம்பத்துலயே பிடிச்சா நிறுத்தி வைக்கலாமாம்."

"எதனாலயாம்?"

"அதெல்லாம் டாக்டர் இவர்கிட்டதான் சொல்லியிருக்காரு. நான் அப்ப மருந்து வாங்க கீழ போயிருந்தேன். கேட்டா, சிகிச்சைன்னா பக்கவிளைவு இருக்கும்னு மழுப்புறாரு."

தம்பியின் எண் மூன்று புள்ளி இரண்டு. மூன்று மாதம் அது ஆடாமல் நின்றால் கடைக்குப் போகலாம் என்று நர்ஸ் வாக்குக் கொடுத்திருந்தாள். தம்பி நாள்காட்டியில் கட்டம் போட்டு வைத்திருந்தான்.

எட்டாம் மாதம் ஒரு சனிக்கிழமை. காலை வகுப்பை முடித்துவிட்டு, ஈரத் தலையோடு விசில் வந்தாள். தம்பி மனைவி சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவள், அதனால் அன்றைக்கு அக்காதான் காவல். தம்பி மெஷினைக் கையில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தான்.

"போன வாரம் மூணு சொச்சம். இப்ப ரெண்டு புள்ளி எட்டு நாலுன்னு காட்டுது. திரும்ப ஊதச் சொல்லி மெசேஜ் வேற வருது. கேஜ் போச்சு."

இந்த இடத்தில் அவனுடைய கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காற்று அளக்கும் கேஜை அவன் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை. கடை மூலையில் ஒரு டயர் தொங்கும். அதில் முப்பத்திரண்டு அளவு காற்று இருக்கும், அதைக் கண் போலப் பாதுகாப்பான். காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலை, கேஜை அந்த டயரில் வைத்துப் பார்ப்பது. முப்பத்திரண்டு காட்டினால் கேஜ் நல்ல கேஜ். இருபத்தெட்டு காட்டினால் கேஜ் குப்பைக்கூடைக்குப் போகும். டயரைச் சந்தேகப்படுகிற வழக்கம் அங்கே கிடையாது.

"உங்க குளத்துல வருஷா வருஷம் உன் மூச்சை அளப்பாங்களே, எவ்வளவு?"

"மூணு புள்ளி ரெண்டு. ஏன்?"

"அப்ப நீதான் முப்பத்திரண்டு டயர். ஊது."

வேறொரு புது வாய்க்குழலை எடுத்து மாட்டினாள். மூச்சை இழுத்தாள், ஊதினாள். மூன்று புள்ளி ஒன்று எட்டு. ஐம்பது வயதை நெருங்குகிறவளுக்கு இது சாதாரணமா என்ன? தலைகால் புரியவில்லை அவளுக்கு. "பாத்தியா? கேஜ் சரியாத்தான்டா இருக்கு," என்று மெஷினை அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"ஆமா. கேஜ் சரியாத்தான் இருக்கு," என்றான் தம்பி மெதுவாக.

கேஜ் சரி என்றால் கோளாறு எங்கே என்று அவள் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெருமை ஆளை எப்படிச் செவிடாக்கும் என்பதற்கு அவளைவிட நல்ல உதாரணம் அன்றைக்கு அந்தத் தெருவில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவனே மெஷினை நீட்டினான். "கேஜ் செக் பண்ணிடு அக்கா."

"நீ ஊதினியா?"

"காலையிலயே ஆச்சு. நல்லாத்தான் இருக்கு."

ஊதினாள். மூன்று புள்ளி இரண்டு. அதற்கு அடுத்த வாரம் மூன்று புள்ளி இரண்டு இரண்டு. எண் என்று ஒன்று இருந்தால் அதைத் தாண்டாமல் அவளால் சும்மா இருக்க முடியாது. பிள்ளைகள் போன பிறகு குளத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீருக்கடியில் நீந்திப் பழகினாள். நான்காம் சனிக்கிழமை மூன்று புள்ளி இரண்டு ஐந்து. மூன்றே கால் லிட்டர். அன்று மாலை குளத்தில் டிக்கெட் கொடுக்கிறவர், தண்ணீரில் மருந்து கலக்கிறவர், துண்டு மடிக்கிற அம்மாள் என்று ஒருவர் விடாமல் பிடித்து நிறுத்திச் சொன்னாள். துண்டு மடிக்கிற அம்மாளிடம் இரண்டு முறை சொன்னாள்.

இடையில் ஒன்றைக் கவனித்தாள், ஆனால் கவனித்த மாதிரி கவனிக்கவில்லை. தம்பி வீடு இரண்டாவது மாடி. கீழே போய்த் தபால் எடுத்து வரும்போது பாதிப் படியில் நின்று, அங்கே ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிப்பான்.

"அப்படி என்னடா படிக்கிறே, பரீட்சையா எழுதப் போறே?"

"தண்ணித் தொட்டி கழுவுற தேதி."

"அது போன மாசத்துத் தேதி. ஏறுடா சோம்பேறி."

இருபத்திரண்டு வருடமாக, தண்ணீரில் எந்தப் பிள்ளைக்கு எந்த நொடியில் மூச்சு முட்டும் என்று கரையில் நின்றபடியே சொல்கிறவள். சொந்தத் தம்பியைச் சோம்பேறி என்றாள். பிற்பாடு இதை நினைத்து அவள் பட்ட பாட்டை எழுதி மாளாது.

ஐந்தாம் சனிக்கிழமை அவள் வந்தபோது தம்பி குளித்துக்கொண்டிருந்தான். மேஜை மேல் அவன் போன் அடித்தது. மற்றவர் போன் அடித்தால் எடுக்காமல் இருப்பது அவள் ஜாதகத்திலேயே இல்லை.

"நுரையீரல் பிரிவுலேருந்து சிஸ்டர் பேசுறேன். அவர் இல்லையா?"

"குளிக்கிறான். நான் அக்கா."

"ஓ, செல் குடுத்த அக்காவா?"

"பத்துக்குப் பத்து," என்றாள் விசில், கேட்காமலேயே.

"அப்ப உங்ககிட்டயே சொல்றேன், சந்தோஷப்படுவீங்க. நாலு வாரம் முன்னாடி அவர் நம்பர் இறங்கிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லலாம்னு இருந்தேன். திரும்ப ஊதினாரு பாருங்க, மூணு புள்ளி ஒண்ணு எட்டு. அதுலேருந்து ஏறுமுகம்தான். மூணு புள்ளி ரெண்டு, மூணு புள்ளி ரெண்டு ரெண்டு, போன வாரம் மூணு புள்ளி ரெண்டு அஞ்சு. இப்படி ஏறி நான் யாருக்கும் பார்த்ததில்ல. மத்த நோயாளிகளுக்குக் காட்ட இவரோட கணக்கைப் படமா வரைஞ்சு சுவத்துல ஒட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

ஒரு கணம் விசிலுக்கு உச்சி குளிர்ந்தது. மறுகணம் அந்த எண்களை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஒரு பிள்ளை நீந்தி முடித்த நேரத்தை நொடியில் நூற்றில் ஒரு பங்குவரை நினைவு வைத்திருப்பவள் அவள். தன்னுடைய எண்ணை மறப்பாளா?

"சிஸ்டர், இந்த நம்பர் உங்களுக்கு எப்படி வருது?"

"ஊதின உடனே மெஷின்லேருந்து போன் வழியா தானா வந்துடும். ஏன்?"

குளியலறையில் தண்ணீர் நின்றது. வாளி நகர்ந்த சத்தம் கேட்டது. அவனிடம் முதலில் கேட்கலாம், என்ன ஏது என்று விசாரிக்கலாம். அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் பேசியே மயக்கிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

"சிஸ்டர், அந்த மூச்சு என்னோடது."

"புரியல."

"நாலு வாரமா நான்தான் ஊதுறேன். கேஜ் செக் பண்ணணும்னு சொன்னான். கடையில ஒரு டயர் இருக்கும், முப்பத்திரண்டு... அதை விடுங்க. அவன் ஊதல. நான் ஊதினேன்."

நர்ஸின் குரலில் இருந்த சிரிப்பு போயிருந்தது. "அவரை இப்பவே கூட்டிட்டு வாங்க. திங்கட்கிழமை வேண்டாம். இப்பவே."

தலையைத் துவட்டியபடி தம்பி வந்து நின்றான். அக்காவின் கையில் தன் போனைப் பார்த்ததும் துண்டு அப்படியே தலைமேல் நின்றுவிட்டது.

"காட்டிக் குடுத்துட்டியா?" என்றான்.

"குடுத்துட்டேன்."

"மொத தடவை தெரியாமத்தான் போச்சு. அது தானா போகும்கிறதே மறந்துட்டேன். திங்கட்கிழமை சிஸ்டர் கூப்பிட்டுப் பாராட்டினாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது? ரெண்டு வாரம் பொறுத்திருந்தா கடையைத் திறந்திருப்பேன்."

"மூச்சு இல்லாம எந்தக் கடையைடா திறப்பே? சட்டையைப் போடு."

தம்பி மனைவிக்குப் போன் போனது. அவள் வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். வந்தவள் கணவனையும் திட்டவில்லை, நாத்தனாரையும் திட்டவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது விசிலுக்கு.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, பெரிய மெஷினில் ஊதச் சொன்னார்கள். மூன்று முறை ஊதினான். இரண்டு புள்ளி மூன்று ஒன்று. வெளியே நின்று பார்த்த விசில் மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். மூன்று புள்ளி இரண்டிலிருந்து இரண்டு புள்ளி மூன்று. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் மூச்சு எங்கேயோ போயிருந்தது, அது போன நேரமெல்லாம் அவள் பக்கத்தில் நின்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "இது ரெண்டுல ஒண்ணா இருக்கலாம். ஒண்ணு, பழைய பூஞ்சை திரும்பி வந்து இந்தத் தடவை நுரையீரல்ல உக்காந்திருக்கலாம். ரெண்டாவது..."

"அக்கா, ஒரு டீ வாங்கிட்டு வரியா?" என்றான் தம்பி.

"அப்புறம் குடிக்கலாம்."

"தொண்டை வறளுதுக்கா."

"எச்சிலை முழுங்கு. நீங்க சொல்லுங்க டாக்டர்."

"ரெண்டாவது, புது அணுக்கள் இவரோட நுரையீரலை அந்நியம்னு நினைச்சுச் சண்டை போடலாம். சின்னச் சின்ன மூச்சுக்குழாய் எல்லாம் தடிச்சு அடைஞ்சுபோகும். இதை இவர்கிட்ட அப்பவே விவரமா சொன்னேனே."

"புது அணுக்கள்னா?" என்றாள் விசில்.

"நீங்க குடுத்தது."

தம்பி சுவரைப் பார்த்தான்.

சிக்கல் என்னவென்றால், இரண்டுக்கும் வைத்தியம் நேர்மாறு. அணுக்களின் சண்டை என்றால் அவற்றை அடக்க ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும். பூஞ்சை என்றால் அதே ஸ்டீராய்டு பூஞ்சைக்கு விருந்தாகிவிடும். நுரையீரலுக்குள் குழாய் விட்டு, கொஞ்சம் நீரை விட்டு எடுத்து, அதில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிவு வர இரண்டு நாள்.

"நான் ஊதாம இருந்திருந்தா?" என்று கேட்டாள் விசில்.

டாக்டர் பூசி மெழுகவில்லை. "நாலு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சிருப்போம். கொஞ்சம் கூட மிஞ்சியிருக்கலாம். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது."

அந்த இரண்டு நாளும் விசில் ஒரு காரியம் செய்தாள். வெளியே சொன்னால் வெட்கக்கேடு. பூஞ்சையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். போன தடவை அவனைப் படுக்கையில் தள்ளி, மூன்று நாள் பேச்சை நிறுத்திய அதே பூஞ்சை. அதுவே இருந்துவிட்டுப் போகட்டும், என் அணுக்களாக மட்டும் இருக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து கெஞ்சினாள். கெஞ்சிவிட்டு, சீ, நீயெல்லாம் ஒரு அக்காவா என்று தன்னையே ஏசிக்கொண்டாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கெஞ்சினாள்.

மூன்றாம் நாள் காலை நர்ஸ் சிரித்த முகத்தோடு வந்தாள். "நல்ல சேதி. பூஞ்சை இல்ல."

தம்பி மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். விசில் எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போய், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கினாள். நின்ற பிறகும் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

மருந்துப் பை தொங்கும் சக்கரக் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு தம்பி வந்தான். வருவதற்கு நடுவில் ஒருமுறை நின்றான்.

"குழாயை உடைச்சுடாதே. இங்க ஏற்கெனவே நம்ம மேல நல்ல பேரு," என்றான்.

"உனக்குத் தெரியும். முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"அதுக்குத்தான் டீயா?"

"அதுக்குத்தான் டீ."

"கடை கடைன்னியே?"

"கடையும்தான்." மூச்சு வாங்கிக்கொண்டான். "நம்பர் இறங்கினா உன்னையும் கூப்பிட்டு உக்காரவெச்சுச் சொல்லுவாங்க. நீ கேட்டுட்டு சாப்பிடாமக் கிடப்பே. கொஞ்ச நாள் போகட்டும்னு பார்த்தேன்."

"டேய், எனக்கு ஏழு வயசுல உன் கையைக் கடிச்சேன். தழும்பை நாப்பது வருஷமா ஊர் முழுக்கக் காட்டினே. உன் கல்யாணத்துல என் மாமியார்கிட்டகூடக் காட்டினே. அதையெல்லாம் ஒண்ணு விடாமச் சொன்னவன் இதை ஏன்டா மறைச்சே?"

தம்பி கம்பத்தின் சக்கரத்தைக் காலால் முன்னும் பின்னும் உருட்டினான்.

"அது நீ கடிச்சது. இது நீ குடுத்தது."

விசில் அவன் காதைப் பிடித்துத் திருகினாள், மெதுவாகத்தான். மருந்து ஏறுகிற கை அசைந்துவிடக் கூடாதே என்று மற்றொரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டீராய்டு தொடங்கியது. அதனால் உடம்பின் காவலாளி மறுபடியும் அசந்துவிடுவான் என்பதால் பூஞ்சை வராமலிருக்கக் கூடவே தினமும் மாத்திரை. காலையும் மாலையும் உள்ளிழுக்கிற மருந்து. தம்பிக்கு முகம் உப்பியது, பசி எடுத்தது, பாதி ராத்திரிவரை தூக்கம் வராமல் வீட்டில் உள்ள கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டான். போனதைத் திரும்பத் தர முடியாது, இருப்பது போகாமல் நின்றால் அதுவே வெற்றி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வாரம் பார்க்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அடுத்து என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

நர்ஸ் ஒரு புதுச் சட்டம் போட்டாள். இனி ஊதுவதென்றால் வீடியோவில், அவள் கண்ணெதிரே. அதுவும் அக்கா மூன்றடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். டாக்டர் வரையச் சொன்ன படத்தை அவளே கிழித்துப் போட்டிருந்தாள். ஆனால் கோபம் ஆறிவிட்டது. "உங்க தம்பி பொய் சொன்னதைக்கூட மன்னிச்சுடுவேன். நீங்க வாராவாரம் ஏத்தி ஏத்தி ஊதினீங்க பாருங்க, அதைத்தான் மன்னிக்க முடியல," என்றாள்.

முதல் வாரம் இரண்டு புள்ளி இரண்டு ஒன்பது. அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாம் வாரம் இரண்டு புள்ளி இரண்டு எட்டு. மூன்றாம் வாரமும் இரண்டு புள்ளி இரண்டு எட்டு. நான்கு, ஐந்து, அதேதான்.

ஆறாம் சனிக்கிழமை தம்பி மனைவி லீவு போட்டிருந்தாள். போனைப் பூச்சாடியில் சாய்த்து வைத்தார்கள். அதில் நர்ஸின் முகம் வந்தது. விசில் மூன்றடி தள்ளிச் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தம்பி முதுகை நிமிர்த்தினான், மூச்சை இழுத்தான்.

"ஊது, ஊது, ஊது, விடாதே, இன்னும், இன்னும்," என்று அறை அதிரக் கத்தினாள் விசில்.

"அக்கா, எனக்குக் காது இங்க அடைக்குது," என்றாள் நர்ஸ்.

தம்பி மெஷினை வாயிலிருந்து எடுத்தான். அவன் பார்க்கவில்லை. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு புள்ளி ரெண்டு எட்டு," என்றாள்.

"அப்படியேதான் இருக்கு," என்றாள் நர்ஸ். "அஞ்சு வாரமா அசையல. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், நின்னுடுச்சுன்னு சொல்றாரு. முகமூடி போட்டுக்கிட்டு, பஞ்சர் பார்க்கிற தண்ணித் தொட்டிப் பக்கம் போகாம, நாற்காலியில உக்காந்து மேற்பார்வை பார்க்கிறதா இருந்தா கடைக்குப் போகலாம்."

அப்படியே இருக்கிறது. போன தடவையைவிட ஒரு நொடியாவது குறை என்று வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தியவளுக்கு, அசையாத ஒரு எண்ணைக் கேட்டு இப்படி நெஞ்சு நிறையும் என்று யாராவது சொல்லியிருந்தால் குளத்தில் தள்ளியிருப்பாள். தம்பி மனைவி விசிலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், "இனிமே என் வீட்டுல நீங்க ஒரு பலூன்கூட ஊதக் கூடாது அண்ணி," என்றாள்.

தம்பி சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தான். ஊதிய களைப்பு தெரிந்தது. ஆனால் கண்ணில் பழைய குறும்பு வந்திருந்தது. அக்காவைச் சீண்ட ஏதோ தயாராகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"உன் ஆளுங்க ஒருவழியா சண்டையை நிறுத்திட்டாங்க போல. ஆனா ஒண்ணு, உள்ள வந்து ஒரு லிட்டரை..."

அங்கே அவனுக்கு மூச்சு தீர்ந்தது. நிறுத்தி, தோளைத் தூக்கி இழுத்தான். அந்த இடைவெளி போதும் அவளுக்கு. இத்தனை வருடத்தில் அவன் இருமினால் போதும், தும்மினால் போதும், அதற்குள் புகுந்து பேச்சைப் பிடுங்கிக்கொள்கிறவள். நாலு பதில் நாக்கு நுனியில் வந்து நின்றன.

அவள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"...ஒரு லிட்டரைத் தூக்கிட்டுத்தான் அடங்கினாங்க. எல்லாம் அப்படியே..." மறுபடியும் நின்றான், இழுத்தான். அவள் அசையவில்லை. "...அப்படியே உன் புத்தி," என்று முடித்தான்.

முடித்துவிட்டானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். முடித்துவிட்டான். அதற்குப் பிறகுதான் திட்ட ஆரம்பித்தாள்.